மனைவி இல்லாத குடிநோயாளி

போன மாதம் நிவேதா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர். நல்ல பெண், உழைக்கிற பெண். கைபேசியில் புதிதாக வந்திருக்கும் ஒரு செயலியைக் காட்டினாள். குடியை விட நினைப்பவர்களுக்கு, ஆளுக்குத் தகுந்த மாதிரி தனித்தனியாகச் சிகிச்சைத் திட்டம் போட்டுக் கொடுக்குமாம். "பயிற்சி வகுப்புல இதப் பத்தி நீங்க ரெண்டு வார்த்த பேசணும் மேடம்" என்றாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கிப் பார்த்தேன். "வணக்கம் நண்பரே" என்று ஆரம்பித்தது. பெயர் கேட்டது, வயது கேட்டது. அடுத்த கேள்வி, "உங்கள் குடிப்பழக்கத்தால் உங்கள் மனைவி வருத்தப்படுகிறாரா?" ஆம், இல்லை, சில நேரங்களில். இந்த மூன்றில் ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை.

"மனைவியே இல்லன்னா?"

"கல்யாணம் ஆகாதவங்க 'இல்லை'ய தொட்டுட்டுப் போயிடலாம் மேடம்."

"குடிக்கிறதே மனைவியா இருந்தா?"

நிவேதா சிரித்தாள். நான் வேடிக்கைக்குக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள். எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. ஆளுக்குத் தகுந்த சிகிச்சை என்று பெயர் வைத்துவிட்டு, ஆள் ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. அவள் போன பிறகும் கோபம் அடங்கவில்லை. வகுப்பில் பேசினால் நிதானம் தவறிவிடுவேன் என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஆரணிக்காரி. அப்பா சர்ச் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சமூகப்பணி படித்து, கொஞ்ச காலம் காசநோய்ப் பிரிவில் அலைந்து, பிறகு மனநலப் பிரிவுக்கு வந்தேன். எந்த ஊர் மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. பெரிய ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குடிநோயாளிகளுக்கு ஒரு வார்டு இருந்தது. வாரத்துக்கு ஒருநாள் எங்கள் குழு ஆரணிக்கு வந்து வெளிநோயாளிகளைப் பார்க்கும்.

நான் சேர்ந்த காலத்தில் சிகிச்சை என்றால் மாத்திரையும் பிரசங்கமும்தான். வார்டில் இருப்பவர்களையெல்லாம் ஒரு கூடத்தில் உட்காரவைத்து, அழுகிப்போன கல்லீரல் படத்தைக் காட்டுவார்கள். பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துப் பார் என்பார்கள். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கையை நீட்டிச் சத்தியம் செய்ய வேண்டும். கை நீட்டியவர்களில் பாதிப் பேர் ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியிலேயே கடை. சத்தியம் அந்தக் கடைவரைக்கும் வந்தால் அதிகம். திரும்பி வந்து படுத்தால், "உனக்கெல்லாம் எத்தனை தடவை சொல்றது?" என்று வசவு. எவ்வளவு சொன்னோம் என்பதற்குக் கணக்கிருந்தது. என்ன கேட்டோம் என்று யாரும் யோசிக்கவில்லை.

டாக்டர் தனசேகரன் வந்த பிறகுதான் இது மாறியது. எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்த மனநல மருத்துவர். மெலிந்த உடம்பு, சத்தம் வராத குரல். வந்த முதல் நாளே அறையில் இருந்த சாமான்களை இடம் மாற்றினார். கை வைத்த நாற்காலியை நோயாளிக்குக் கொடுத்துவிட்டு, தான் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். நடுங்குகிற மனுஷனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்றார். தண்ணீர் டம்ளரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நிரப்பினால் கை நடுக்கத்தில் சட்டையில் கொட்டும், கொட்டினால் அந்த ஆள் கூனிப்போய்விடுவான், அதற்கப்புறம் உண்மை வராது. குடிகாரன் என்ற சொல்லை அவர் அறையில் யாரும் சொல்லக் கூடாது. நோயாளியின் மாமனாரே சொன்னாலும், "அவரு பேரு என்ன?" என்று கேட்டு, பெயர் வரும்வரை காத்திருப்பார்.

அவர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. ஏன் குடிக்கிறாய் என்று யாரையும் கேட்டதில்லை. "ஊர்ல அத்தன பேரும் அதக் கேட்டுட்டாங்க. அதுக்கு ஒரு பதில தயாரா வச்சிருப்பாரு. அது நமக்கு உதவாது" என்பார். கடைசியாகக் குடித்தது எப்போது என்று கேட்பார். பிறகு, "அதுக்கு முன்னாடி?" அதற்கு ஒரு பதில் வரும். மறுபடியும், "அதுக்கு முன்னாடி?" இப்படியே பின்னால் நடந்துகொண்டே போவார். ஓரிடத்தில் நோயாளி பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்ப்பார். அங்கே தானும் நிறுத்திக்கொள்வார். குடித்த பிறகு என்ன ஆனது, எது குறைந்தது, எது நிம்மதியாக இருந்தது என்று அடுத்தபடி முன்னால் நடப்பார். இந்த நடை முடிந்த பிறகுதான் சிகிச்சைத் திட்டம்.

பெரணமல்லூர்க்காரர் இருவர் ஒரே சமயத்தில் வார்டில் இருந்தார்கள். ஒருவர் மினிபஸ் டிரைவர், இன்னொருவர் செங்கல் சூளையில் வேலை. ஒரே சரக்கு, ஒரே அளவு. டிரைவருக்குத் தூக்கம் வராது, வண்டியை நிறுத்திய பிறகும் காதில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். தூங்குவதற்காகக் குடித்தார். சூளைக்காரருக்குப் படுத்தால் தூக்கம். அவருக்கு அண்ணன் தம்பிகள் கூடி உட்கார்ந்து டம்ளரை நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல வராது. டிரைவருக்குத் தூக்கத்தைச் சீர்செய்தோம். சூளைக்காரருக்கு "வேணாம்ணே" என்று சொல்லப் பழக்கினோம், நாடகம் போல, வார்டிலேயே. ஆளுக்குத் தகுந்த சிகிச்சை என்றால் நான் கண்டது இதுதான். இதற்குப் பொறுமையும் ஒரு ஸ்டூலும் போதும்.

இனி வளர்மதியைப் பற்றி.

ஆரணியில் எங்கள் வாராந்திர நாள். கூட்டம் குறைந்த நேரத்தில் ஒருவர் உள்ளே வந்தார். வெளுத்த சட்டை, நெற்றியில் திருநீறு, சவரம் செய்த முகம். பேர் ஏழுமலை, முள்ளிப்பட்டு, பட்டு நெசவு. டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"எங்க வீட்டுக்காரிக்கு பேய் புடிச்சிகினு கீதுன்னு சொல்றாங்க மேடம். மந்திரிச்சிப் பாத்துட்டோம். கேக்கல."

"எப்படி இருக்காங்க?"

"காலைல கை நடுங்குது. வேர்த்துக் கொட்டுது. சோறு எறங்கல. ஒருவாட்டி வலிப்பு கூட வந்துச்சி."

டாக்டர் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினார். "ஏழுமலை, அந்த வலிப்பு வர்றதுக்கு முன்னாடி அவங்க எதையாவது நிறுத்தினாங்களா?"

ஏழுமலை தரையைப் பார்த்தார். பிறகு, யாரோ ஒட்டுக்கேட்பது போலக் குரலைத் தாழ்த்தினார். "குடிக்கும் சார்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவர் பேய், மந்திரம் எல்லாவற்றையும் சுற்றி வந்திருக்கிறார். பொண்டாட்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றால் ஊர் வந்து பரிதாபப்படும். குடிக்கிறாள் என்றால் காறித் துப்பும். அதன் பிறகு அவர் சொன்னதுதான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியாதது. போன வருஷமே அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு, எங்கள் வார்டு வாசலுக்கே, வளர்மதியைக் கூட்டிவந்திருக்கிறார். வாசலில் இருந்த ஊழியர், நோயாளி யார் என்று தெரிந்ததும் உள்ளே இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். "இன்னாய்யா, பொம்பளைக்கா? இங்க ஆம்பளை வார்டுதான். பொண்டாட்டிய அடக்கத் துப்பில்ல, ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துட்ட." நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். புருஷனும் பெண்டாட்டியும் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள்.

வலிப்பு வந்தது அதற்குப் பிறகுதான். ஆஸ்பத்திரி கைவிட்டதும், வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள் என்று ஏழுமலை ஒரேயடியாக நிறுத்திப் பார்த்திருக்கிறார். வருஷக்கணக்காகக் குடித்த உடம்பில் மருந்தில்லாமல் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம். மறுநாள் அடுப்படியில் விழுந்து வலிப்பு. இதைச் சொல்லி அனுப்ப அந்த வாசலில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சிரிக்க மட்டும் வந்திருக்கிறது.

டாக்டர் தனசேகரன் எழுந்து நின்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகம் சிவக்கவில்லை, கை மட்டும் பேனாவை மூடித் திறந்து மூடியது.

"அவங்க எங்க இருக்காங்க?"

"ஆட்டோல குந்திகினு கீது சார். உள்ள வரமாட்டேன்னுடுச்சி."

டாக்டர் வெளியே போனார். பின்னாலேயே நான். வேப்பமரத்தடியில் ஆட்டோ நின்றிருந்தது. பின்சீட்டில் முந்தானையை முகத்தோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு பெண். நாற்பது வயதுக்குள் இருக்கும். அவர் ஆட்டோவுக்கு வெளியே வெயிலில் நின்று, குனிந்து, "வளர்மதி, நான் டாக்டர். அன்னிக்கு அந்த வாசல்ல நடந்தது தப்பு. அது என் ஆஸ்பத்திரி. என்னை மன்னிச்சிடுங்க" என்றார். அவர் நகரவில்லை. டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டான். வழுக்கையில் வேர்வை வழிய அவர் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் அவள் முந்தானையை விலக்கினாள். "வெயில்ல நிக்காதீங்க சார்" என்றாள். அதுதான் அவள் எங்களிடம் பேசிய முதல் பேச்சு.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தோம், படுக்கவைக்கக் கட்டில் இல்லை. எங்கள் வார்டு முழுக்க ஆண்கள். பெண்கள் பொதுவார்டில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கினோம். அங்கே அடுத்த கட்டிலில் இருந்தவளின் அம்மா, "குடிகாரி பக்கத்துல எம்பொண்ண படுக்க வைக்க மாட்டேன்" என்று கத்தினாள். இந்த அம்மாவின் புருஷன் அதே ஆஸ்பத்திரியில் எங்கள் வார்டில் வைத்தியம் பார்த்துக்கொண்டு போனவர். அவருக்கு வேளாவேளைக்கு இட்லி கொண்டுவந்தது இதே அம்மாதான். இதை நான் அவளிடமே சொன்னேன். "அவரு ஆம்பள" என்றாள். நடுவில் ஒரு திரையை நிறுத்தி, வளர்மதியைப் படுக்கவைத்தோம். நடுக்கத்துக்கு மாத்திரை, அளவைக் குறைத்துக் குறைத்து. வைட்டமின் ஊசி. ஒருவாரம் போல ஆனதும் கண் தெளிந்தது, கை நின்றது.

கேள்வி கேட்கும் வேலையை டாக்டர் என்னிடம் விட்டார். பெண்ணோடு பெண் பேசட்டும் என்பதற்காக மட்டுமில்லை. "நம்மகிட்ட இருக்கிற திட்டமெல்லாம் ஆம்பளைக்குன்னு போட்டது ரூபிம்மா. கடை இருக்கிற தெருவுல போகாத, கூட்டாளியோட சேராத, கூலிய பொண்டாட்டிகிட்ட குடுத்துடு. இதுல ஒண்ணு கூட இவங்களுக்குப் பொருந்தாது. முதல்லேர்ந்து கேளுங்க" என்றார்.

கேட்டேன். ஆரம்பத்தில் அவளும் பேய் என்றுதான் சாதித்தாள். உண்மை மெதுவாகத்தான் வந்தது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு உடம்பு வலிக்கு நல்லது என்று மாமியார் பிராந்தி கொடுத்திருக்கிறாள். பிறகு நாளெல்லாம் தறியில் உட்கார்ந்த இடுப்புவலிக்கு ஒரு மூடி. அந்த மூடி எப்போது டம்ளர் ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை.

"இப்ப கடைசியா எப்ப குடிச்ச வளர்மதி?"

"இங்க வர அன்னிக்கு காலைல."

"அதுக்கு முன்னாடி?"

"கை ஆடிச்சி. எழ அறுந்துட்டா தறி அச்சுல கோத்து முடிச்சு போடணும் இல்ல? கை ஆடினா எப்பிடி போடறது? ஊத்திகினா நின்னுடும்."

"சரி, அந்த பாட்டில் எப்படி வந்துச்சு? நீ கடைக்குப் போவியா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நா எதுக்கு போறேன்? அவருதான் வாங்கியாருவாரு."

வெளியே வராந்தாவில் ஏழுமலை, கஞ்சி நிரப்பிய ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயில் வெற்றிலைகூடப் போடாத மனுஷன். ஊரே அவருக்காக உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே போய், "நீங்கதான் வாங்கித் தர்றீங்களா?" என்று கேட்டேன்.

அவர் மறுக்கவில்லை. "வலிப்பு வந்தத பாத்தவன் மேடம் நானு. வாயில நுரை. செத்துடும்னு நெனச்சேன். ஆஸ்பத்திரில சிரிச்சி அனுப்பிட்டாங்க. நா இன்னா பண்றது? மொதலாளிகிட்ட போயி சொன்னேன். பொடவை முடியலியேன்னு அவரு பேஜார் பண்ணிகினு இருந்தாரு. 'முகூர்த்த பொடவைடா. ஒரு கட்டிங் ஊத்தி ஒக்கார வை, கை தானா நிக்கும்'னாரு. நின்னுச்சி. அதான் டெய்லி வாங்கியாந்தேன்." சொல்லிவிட்டு ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே அழுதார்.

என் கோபம் அவரை விட்டு இறங்கி, அந்த முதலாளி மேல் போய் ஏறியது. பாவு நூலும் ஜரிகையும் கொடுத்து, வீட்டுத் தறியில் நெய்ய வைத்துப் புடவையை வாங்கிக்கொள்கிறவர். ஊரில் விழா என்றால் மாலை அவருக்குத்தான். மாட்டுக்குத் தவிடு வைப்பது போல ஒரு பெண்ணுக்குச் சாராயம் ஊற்றி உட்கார வை என்று சொல்லியிருக்கிறார். அப்படி வந்த முகூர்த்தப் புடவையை எந்தெந்தப் பெண்கள் மணமேடையில் கட்டினார்களோ!

காலைக் குடிக்கு இப்போது வேலையில்லை. மருந்து அதைப் பார்த்துக்கொண்டது. சாயங்காலம் ஒரு குடி இருந்தது. அது வேறு. எல்லா சாயங்காலமும் இல்லை. எந்தெந்த நாள் என்று பிடிக்கத்தான் நேரம் ஆனது. முதலாளி புடவை பார்க்க வருகிற நாள். அவர் வந்து புடவையை விரித்து, "கரையில அடி சரியா விழல, முந்தியில எழ துருத்திகினு கீது" என்று ஏழுமலையிடம் குறை சொல்வார். நெய்தவள் கதவோரம் நிற்பாள். தறி ஏழுமலை பேரில், பாவு ஏழுமலை பேரில். ஏழுமலை நெய்வது சாதாரணப் புடவை. முகூர்த்த வேலைக்கு ஊரிலேயே வளர்மதி கைதான். அவள் வேலையை அவள் எதிரிலேயே இன்னொருவனிடம் குறை சொல்லி, அவனும் தலையாட்டி வாங்கிக்கொள்வான். முதலாளி வண்டி கிளம்பின சத்தம் கேட்டதும் அவள் உள்ளே போய்விடுவாள்.

"போயி?"

"ஊத்திகினா அவரு பேசினது கேக்காது மேடம்."

இங்கே அவள் தரையைப் பார்த்தாள். நானும் நிறுத்திக்கொண்டேன்.

டாக்டரிடம் சொன்னதும், "அப்ப அவங்க பேசணும்" என்றார். ஒத்திகை ஆரம்பித்தோம். நான்தான் முதலாளி. புடவை மேலேயே நர்ஸின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கட்டில் விரிப்பை விரித்து, "இன்னா ஏழுமல, கரை இப்பிடி கீது?" என்பேன். முதல் நாள் வளர்மதிக்குச் சிரிப்பு. இரண்டாம் நாள் அழுகை. அதற்கப்புறம் வாய் திறந்தது, ஆனால் விரிப்பைப் பார்த்துப் பேசியது. என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். ஒருநாள் சொன்னாள். "நெய்ஞ்சது நானு. கொற இன்னான்னு என்கிட்ட சொல்லுங்க." சத்தம் அந்த வார்டுக்கே கேட்டது. திரைக்கு அந்தப் பக்கமிருந்து, கத்திச் சண்டை போட்ட அதே அம்மா எட்டிப் பார்த்து, "யாருகிட்ட சொல்ற அத? நல்லா சொல்லு" என்றாள்.

ஏழுமலைக்கும் பாடம் உண்டு. கடைக்குப் போகக் கூடாது என்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. "அவகிட்ட பேசுங்க மொதலாளி" என்ற மூன்று வார்த்தைதான் வரவில்லை. ஒத்திகையிலேயே அவருக்குச் சட்டை நனைந்தது.

வீட்டுக்குப் போன பிறகு ஒருநாள் நான் முள்ளிப்பட்டுக்குப் போயிருந்தேன். தறிச் சத்தம் தெருவெல்லாம். உள்ளே வளர்மதி தறியில். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே முதலாளியின் வண்டி வந்து நின்றது. அவர் உள்ளே வந்து, மடித்து வைத்திருந்த புடவையை விரித்து, வழக்கம் போல, "இன்னா ஏழுமல?" என்று ஆரம்பித்தார்.

ஏழுமலை தறிப் பக்கம் கையைக் காட்டினார். "அவகிட்ட பேசுங்க மொதலாளி."

"பொம்பளகிட்ட எனக்கு இன்னாடா பேச்சு?"

வளர்மதி தறியை விட்டு எழுந்து வந்தாள். "நெய்ஞ்சது நானு. கொற இன்னான்னு என்கிட்ட சொல்லுங்க."

அவர் புடவையைக் கீழே போட்டார். பிறகு வாசலுக்குப் போய், தெரு கேட்கிற மாதிரி பேசினார். "குடிகாரிக்கு வாயப் பாரு! ஊத்திகினு ஒக்காருறவ எனக்கு நாயம் சொல்ல வந்துட்டா!"

அதுவரை தெருவுக்குத் தெரியாது. பேய் என்றுதான் நம்பியிருந்தார்கள். பக்கத்துத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஊத்தி ஒக்கார வைன்னு சொன்னது யாருங்க? நீங்கதானே?"

"நீ யாரும்மா? எத்தன குடும்பத்துக்கு சோறு போடறவன் நானு, தெரியுமா?"

"சோறு மட்டுமா போட்டீங்க?"

அவர் வண்டி ஏறிப் போனார். மறுநாள் ஆள் அனுப்பி, நெய்த மட்டும் புடவையை அறுத்து, தறியில் மிச்சமிருந்த பாவு நூலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தத் தெருவில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டால் அவர்கள் பாவும் போகும். குடிகாரி என்ற பேர் மட்டும் வளர்மதிக்கு நின்றது. ஊற்றச் சொன்னவருக்கு ஒரு பேரும் வரவில்லை. அந்த வருஷத் திருவிழாவில் மேடையில் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரமே வளர்மதி குடித்தாள். ஏழுமலை கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாம் வீண் என்ற முகம். முதலாளி பேசிய பேச்சுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லியிருப்பேன். டாக்டர் பாதி டம்ளர் தண்ணீரை அவள் கையில் கொடுத்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார். முதலாளி வரவில்லை அந்தப் பதிலில். அவள் தங்கை தேடி வந்து, "ஒன்னால எம்மாமியார் வூட்ல தல காட்ட முடியல. எங்க மானமே போச்சி" என்று ஒப்பாரி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"மொதலாளிய பதிலுக்கு கேட்டுட்டேன் சார். அது நெஞ்சில நிக்கல. இவள இன்னான்னு கேக்கறது? கூடப் பொறந்தவ."

ஆகவே திட்டத்தை மாற்றினோம். தங்கையை வரவழைத்தோம். வரமாட்டேன் என்றவளை நானே போய்க் கூட்டிவந்தேன். வியாதி என்ன, வலிப்பு எப்படி வந்தது, ஆஸ்பத்திரி வாசலில் என்ன நடந்தது, எல்லாவற்றையும் டாக்டர் அவளிடம் ஒன்று விடாமல் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில், "எங்கிட்ட ஏன் பேய்னு சொன்ன?" என்று அக்காவை அடித்தாள், அழுதுகொண்டே. அதற்கப்புறம் வளர்மதிக்கு மனசு குலைகிற நாளில் போன் போகும் இடம் அந்தத் தங்கை வீடுதான்.

அதோடு குடி ஒழிந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஒழியவில்லை. நடுவில் சறுக்கினாள், வந்தாள், கேட்டோம், திருத்தினோம். வேறொருவரிடம் பாவு வாங்கித் தறி ஓடியது. இந்தத் தடவை பேச்சு அவளோடு. சறுக்குவதும் நின்றது.

டாக்டர் பெண்களுக்கென்று தனிக் கட்டில் கேட்டு மேலதிகாரியிடம் போனார். நானும் கூடப் போனேன். "இந்தப் பக்கம் குடிக்கிற பொம்பளை எத்தனை பேர் இருக்கப் போறாங்க டாக்டர்?" என்றார் அவர். "கட்டில் போட்டாத்தான் சார் தெரியும்" என்றார் எங்கள் டாக்டர். பலமுறை அலைந்த பின் ஒரு சின்ன அறையும் இரண்டு கட்டிலும் கிடைத்தன. அவை காலியாகவே கிடந்ததில்லை. சித்தாள் வந்தாள், டீச்சர் வந்தாள், நல்ல வசதியான வீட்டு மாமியார் ஒருத்தியும் வந்தாள். பிறகு டாக்டர் ஓய்வு பெற்று மகனோடு போய்விட்டார். நானும் வெளியே வந்தேன்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோதே, போன வாரம் வளர்மதி வீட்டுக்கு வந்தாள். பின்னால் ஏழுமலை. நடுவில், தேவிகாபுரத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்த ஒரு பெண். அவளுக்குக் கை நடுங்கியது, மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது.

"நேத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேங்கா" என்றாள் வளர்மதி. "அந்த ரூம பூட்டி வச்சிகிறாங்க. உள்ள பூரா பழைய மெத்தைய அடுக்கிகிறாங்க. கட்டில் இல்ல, அடுத்த வாரம் வாங்கன்றாங்க. இந்தம்மாவுக்கு நேத்துலேர்ந்து சரக்கு கெடைக்கல. அடுத்த வாரம் வரிக்கும் தாங்குமா?"

தாங்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிளம்பினோம்.

நிவேதா எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தாள். டாக்டரைக் கூப்பிட்டு அந்தப் பெண்ணுக்கு உடனே மாத்திரை கொடுக்க வைத்தாள். "நான் மூணு தடவ எழுதிக் குடுத்துட்டேன் மேடம்" என்றாள். பெண்கள் யாரும் வரவில்லை என்று சொல்லி அறையைக் கிடங்காக்கிவிட்டார்களாம். எப்படி வருவார்கள், பூட்டின கதவைப் பார்த்தால் திரும்பித்தானே போவார்கள்? அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார், காத்திருங்கள் என்றார்கள். நாங்கள் அவர் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டோம். அவர் வெளியே வந்ததும் நான் எழுந்திருப்பதற்குள் வளர்மதி எழுந்தாள்.

"சார், நா முள்ளிப்பட்டு. பட்டு நெய்யறேன். குடிச்சிகினு இருந்தேன். இதே ஆஸ்பத்திரில பொழச்சேன். அந்த ரூம தொறங்க."

வராந்தாவில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையைக் கூடச் சரி செய்துகொள்ளவில்லை. அதிகாரி, எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், பார்க்கலாம் என்றார். "தொறந்த பின்னாடி எழுதித் தரேன் சார்" என்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் தேவிகாபுரத்துப் பெண், அவளுக்குப் பக்கத்தில் நான். வேறு வேலையாக வந்திருந்த இரண்டு பெண்கள், என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு அவர்களும் உட்கார்ந்தார்கள்.

சாவி வந்தது. ஏழுமலையும் நிவேதாவும் ஊழியர்களும் மெத்தைகளைத் தூக்கி வெளியே போட்டார்கள். ஒரே தூசி. கட்டிலைத் துடைத்து விரிப்பு போட்டதும் அந்தப் பெண் ஓரமாக, பாதி உடம்பை வெளியே வைத்து உட்கார்ந்தாள். வராந்தாவில் போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"கதவ சாத்திடலாமா?" என்று கேட்டாள்.

"வேணாம்" என்றாள் வளர்மதி. "தொறந்தே இருக்கட்டும்."